ஜன்னல் கேள்விகள்

வயலை உழுது மண்ணோடு மண்ணாக்கும்படி எழுதிய கை சின்னவளுடையது. வயல் அவள் அக்காவுடையது. எழுதி முடித்துப் பேனாவை மூடியபோது கை நடுங்கவில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட. அந்தப் பெருமைதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்பது மறுநாள் மத்தியானம் வரை அவளுக்கு உறைக்கவில்லை.

அவளுக்குப் பயிர் நோய் ஆய்வகத்தில் வேலை. சொல்லிக்கொள்ள அப்படியொன்றும் பெரிய இடமில்லை. இரண்டு அறை, நாலு மேஜை, ஓயாமல் உறுமும் ஒரு குளிர்பெட்டி, தெருவைப் பார்த்துக் கம்பி போட்ட ஒரு ஜன்னல். நோய் விழுந்த இலையை விவசாயிகள் அந்த ஜன்னல் வழியாகத்தான் நீட்டுவார்கள். வாங்குகிறவர் இலையைப் பார்ப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்டாக வேண்டும். எங்க பறிச்சீங்க? எப்ப பறிச்சீங்க? பறிச்சப்புறம் இலையை என்ன பண்ணீங்க?

மூன்றாவது கேள்விக்கு வருகிற பதில் இருக்கிறதே, அதற்காகவே டிக்கெட் போட்டு ஆட்களை உட்கார வைக்கலாம். ஒருவர் இலை சுருங்காமல் இருக்கட்டும் என்று இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தார். இன்னொருவர் வாடாமல் இருக்கட்டும் என்று மீன் வாங்கிய பையிலேயே ஐஸோடு போட்டுக் கொண்டுவந்தார். சின்னவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வேற இலை கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். இஸ்திரி போட்ட இலைக்கு என்ன நோய் என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது.

ஆனால் அத்தான் ஜன்னலுக்கு வரவில்லை. சொந்தக்காரர் ஆயிற்றே, பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு நேராக உள்ளே வந்தார். கையில் வாய் கட்டிய பிளாஸ்டிக் பை, அதற்குள் பருத்தி இலைகள். சின்னவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினாள். அவளும் மூன்று கேள்வி கேட்டாள்தான். அக்கா எப்படி இருக்கா, பிள்ளைங்க ஒழுங்கா படிக்குதுங்களா, டீ இன்னும் கொஞ்சம் ஊத்தவா. அத்தான் மூன்றுக்கும் நல்ல பதிலாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போகும்போது வாசலில் நின்று, "பூஞ்சையா இருந்தா தேவலை இல்ல?" என்றார்.

"பார்த்துட்டுச் சொல்றேன் அத்தான்."

"பார்த்துச் சொல்லு. நீ என்ன சொன்னாலும் சரி."

அவருக்கு அந்த வயல் எப்படிப்பட்டது என்பது சின்னவளுக்குத் தெரியாததல்ல. அத்தானுக்கு ஓர் அண்ணன், அண்ணனுக்கு ஓர் இரும்புக் கடை. கல்யாணமான நாளிலிருந்து அத்தான் அந்தக் கடையில் ஆணி எடைபோட்டுக்கொண்டு நின்றார். சம்பளம் என்று கையில் தருவது கிடையாது, "வீட்டுக்கு என்ன வேணுமோ எடுத்துக்கோ" என்பதோடு சரி. கடைக்கு வந்தவர்கள் முன்னாலேயே அண்ணன் "இவனுக்கு எதுவும் தெரியாது, என்கிட்ட கேளுங்க" என்பார். பல வருஷம் அதைக் கேட்டுக்கொண்டிருந்த மனுஷன், ஒருநாள் எடைக்கல்லைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். விதைக்காகப் பருத்தி போட நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். இது அவருக்கு முதல் பருத்தி. இது போனால் மறுபடியும் அண்ணன் கடை வாசலில்தான் போய் நிற்க வேண்டும். "வந்துட்டியா" என்று அண்ணன் கேட்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே பெரியவளும் அவரும் அந்தச் செடிகளைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தார்கள்.

பெரியவள் என்பது அக்கா. பிறந்ததிலிருந்து வீட்டில் பெரியவள், சின்னவள் என்றுதான் பேச்சு. சான்றிதழில் இருக்கும் பெயர்கள் சான்றிதழிலேயே கிடந்தன.

அத்தான் போன பிறகு சின்னவள் பையைப் பிரித்தாள். இலைகள் பளிச்சென்று இருந்தன. அவ்வளவு சுத்தமான இலை அந்த மேஜைக்கு வந்ததே இல்லை. அப்போதே அவளுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். இல்லை. அக்கா கொடுத்துவிட்டது அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டாள்.

புள்ளிகள் வட்டமாக இல்லை. இலை நரம்புகளுக்கு நடுவே அடைபட்டு, மூலை மூலையாக, வெளிறிய கட்டங்களாக இருந்தன. பருத்தியில் இப்படிக் கட்டம் போடுகிறவை முக்கியமாக இரண்டு. ஒன்று சாம்பல் நோய். அது பூஞ்சை. இலைக்கு அடியில் மாவு தூவியது போல வெள்ளையாகப் படியும். கந்தகத் தூள் தூவினால் அடங்கிவிடும். இன்னொன்று கோணப்புள்ளி. அது பாக்டீரியா. அடியில் மாவு இருக்காது. அது விதைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, அடுத்த பருவத்தில் அந்த விதை போகிற வயலுக்கெல்லாம் கூடவே போகும். அதனால் விதை வயலில் கோணப்புள்ளி என்று தெரிந்தால் தயவு தாட்சண்யம் கிடையாது, உழுதுவிட வேண்டியதுதான். சட்டம் அப்படி. நல்ல சட்டம்தான், அவளும் அதை நம்புகிறவள்.

இலையைத் திருப்பினாள். அடியில் மாவு இல்லை. துடைத்துவிட்டது போல வழுவழுவென்று இருந்தது. புள்ளியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, நீர்த்துளியில் வைத்து, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். வெட்டிய ஓரத்திலிருந்து புகை மாதிரி ஒன்று கிளம்பி நீருக்குள் சுருண்டு சுருண்டு போயிற்று. பாக்டீரியா கூட்டம்.

இந்த இடத்தில் பக்கத்து மேஜைக்காரரைச் சொல்ல வேண்டும். அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள். காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம் பூட்டுகிறபோதுதான் அணைவார். நல்ல மனுஷன், வாய்தான் சும்மா இருக்காது. பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே, "உங்க அக்கா வயலா? அப்ப பூஞ்சைன்னுதான் வரும், கவலைப்படாதீங்க" என்றார்.

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் சின்னவளுக்குக் காது மடல் சுட்டது. சொந்தத்துக்காக இலையை மாற்றிப் படிக்கிறவள் என்று ஒருத்தர் விளையாட்டாகச் சொன்னாலே இப்படி என்றால், நாளைக்கு ஊரே வினையாகச் சொல்லுமே. அவள் அப்போதே தாளை எடுத்து எழுதினாள். கோணப்புள்ளி. பாக்டீரியா. உழுதுவிடவும்.

எழுதியதைத் தலைமை அதிகாரியிடம் கொண்டுபோனாள். அவருக்கு எதற்கும் அவசரம் கிடையாது, "நிதானமா, நிதானமா" என்பதுதான் பேச்சு. அதனால் முதுகுக்குப் பின்னால் அவர் பெயரும் நிதானம்தான். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார்.

"இன்னொரு தடவை இலை வரவழைச்சுப் பார்க்கலாமேம்மா."

"வேணாம் சார். என் அக்கா வயல்னா ஒரு நியாயம், அடுத்தவங்க வயல்னா ஒரு நியாயமா?"

நிதானம் அவளை மெச்சுவது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பார்வை அவளுக்கு இனித்தது. இனித்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அக்காவுக்கு அவளே போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னாள். "நீயே பார்த்தியா?" என்றாள் பெரியவள்.

"நானேதான் பார்த்தேன்க்கா."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டாள்.

அழுதிருந்தால் பரவாயில்லை. திட்டியிருந்தால் இன்னும் நல்லது. அந்த "அப்ப சரி" சின்னவளை அன்று சாப்பிடவே விடவில்லை.

மறுநாள் மத்தியானம் பெரியவள் வந்தாள். அவளும் பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் வந்தாள். முகம் வீங்கியிருந்தது, தலை நேற்று வாரியது. ரேடியோ அவளைப் பார்த்ததும் ஒரு பழைய தட்டை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார்.

"உட்காருக்கா."

"உட்கார வரல. ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். வெடிச்சு நிக்கிற பஞ்சையாவது எடுத்துக்கலாமா? விதையைத் தொடமாட்டோம். நீங்களே எரிச்சுக்கங்க."

"முடியாதுக்கா. எதையும் வெளியே எடுக்கக் கூடாது. நாளைக்கு ஆபீஸ் டிராக்டர் வந்து..."

"நாளைக்கு என்ன நாளைக்கு. அவர் காலையிலேருந்து உழுதுட்டிருக்கார்."

"யாரு, அத்தானா? எதுக்கு?"

"எதுக்குன்னு என்னைக் கேக்குறியா? சின்னவ பேரு கெட்டுடக் கூடாதாம். உறவுன்னு நாள் கடத்தினதா யாரும் சொல்லிடக் கூடாதாம். பக்கத்து வயல்காரர்கிட்ட டிராக்டரை வாங்கிட்டு அவரே ஏறி உட்கார்ந்துட்டார். அந்தக் கடைசியிலேருந்து ஆரம்பிச்சிருக்கார். ஒரு வார்த்தை பேசல."

"நான் என்னக்கா பண்ணட்டும். இலையில அப்படி இருந்துச்சு."

"உன்னை யாரு என்ன சொன்னா? உன் வேலையை நீ பார்த்தே. நானும் என்னால ஆனதைப் பண்ணித்தான் அனுப்பினேன். போன வருஷம் வீட்டுக் கத்திரிச் செடியிலேருந்து சேத்தோட நாலு இலை கொண்டாந்தப்ப 'இப்படி அழுக்கா கொண்டாந்தா என் மானம் போகுது'ன்னு நீ குதிச்சே இல்ல? அதுக்காகவே இந்தத் தடவை ஒவ்வொரு இலையா எடுத்து, ஈரத்துணியால மேலயும் அடியிலயும் துடைச்சு, பளபளன்னு..."

"அக்கா, நிறுத்து." சின்னவள் எழுந்துவிட்டாள். "அடியில என்ன துடைச்சே?"

"தூசு. பக்கத்துல ரோடு போடுறாங்கல்ல, அந்தத் தூசு. வெள்ளையா மாவு மாதிரி ஒட்டிட்டிருந்துச்சு. லேசுல போகல, அழுத்தித் துடைச்சேன்."

"தூசு இலைக்கு மேலதானேக்கா விழும்? அடியில எப்படி ஒட்டும்?"

பெரியவளுக்கு எதற்கு இந்தக் கேள்வி என்றே புரியவில்லை. குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. ரேடியோ தட்டைக் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

சின்னவளுக்கு விஷயம் பிடிபட்டது. பூஞ்சை இருந்தது. இலைக்கு அடியில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அதை அக்கா அழுத்தித் துடைத்துவிட்டாள், துடைக்க வைத்தது தன் வாய். துடைத்த ஈரத்தோடு பையில் போட்டு வாயைக் கட்டி, வெயிலில் அத்தனை தூரம் வந்தால் இலை உள்ளுக்குள் அழுகத்தான் செய்யும். அழுகுகிற இலையை வெட்டினால் பாக்டீரியா புகை வராமல் என்ன வரும். அது கோணப்புள்ளியின் பாக்டீரியாதான் என்று யார் சொன்னது? அவள்தான் சொன்னாள். பறிச்சப்புறம் இலையை என்ன பண்ணீங்க என்று ஜன்னலில் நிற்கிற யாரைக் கேட்டிருந்தாலும் அந்த இடத்திலேயே விஷயம் வெளியே வந்திருக்கும். அத்தானை மட்டும் கேட்கவில்லை.

"அத்தானுக்குப் போன் பண்ணு. உழவை நிறுத்தச் சொல்லு. சீக்கிரம்."

பெரியவள் எண்ணைத் தட்டினாள். மணி அடித்தது. அடித்தது அவள் கைப்பைக்குள். வீட்டிலிருந்து கிளம்பிய அவசரத்தில் அவர் போனையும் சேர்த்து அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். இருவரும் அந்தப் பையையே பார்த்தார்கள். வேறு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள்.

நிதானம் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார், "துடைச்சேன்னு உங்க அக்கா சொல்றதை வெச்சு எழுதினதை மாத்த முடியாதும்மா. நீயே பாரு, சொந்தக்காரி எழுதினா, மறுநாள் சொந்தக்காரியே மாத்தினான்னு ஆகும்."

"என்னை நம்ப வேணாம் சார். நீங்க வாங்க. உங்க கண்ணால பாருங்க. வயல்லயே பாருங்க. சாயங்காலத்துக்குள்ள அங்க பார்க்கறதுக்கு ஒண்ணும் இருக்காது."

அதற்குள் ரேடியோ அலமாரி மேல் கிடந்த பழைய நுண்ணோக்கியை இறக்கி, தூசி தட்டி, மரப்பெட்டியோடு கொண்டுவந்து நின்றார். கண்ணாடி வைத்து வெயிலைப் பிடிக்கிற அந்தக் காலத்துச் சாமான். "இதுக்குக் கரண்ட் வேணாம். ஜன்னலை நான் பார்த்துக்கறேன், நீங்க போங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வாழ்க்கையிலேயே சுருக்கமாகப் பேசியது அன்றைக்குத்தான் இருக்கும்.

ஜீப்பை நிதானமே ஓட்டினார். அதுதான் கொடுமை. சைக்கிள்கள் முந்திக்கொண்டு போயின. ஒரு மாட்டுவண்டிக்கு வழிவிட்டு ஓரமாக நின்றார். புதுச் சாலை போடும் இடத்தில் ரோலர் முன்னும் பின்னும் போவதைப் பொறுமையாக வேடிக்கை பார்த்தார். சின்னவள் மடியில் பெட்டியை அணைத்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். பின்னால் பெரியவள் இரண்டு போனையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு, "இப்ப பாதி போயிருக்கும்" என்றாள். கொஞ்சம் கழித்து, "பாதிக்கு மேல போயிருக்கும்" என்றாள். யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை.

"சார், கொஞ்சம் வேகமா..."

"போயிட்டிருக்கேன்மா" என்று நிதானம் கியரை மாற்றினார். அவர் நெற்றி வேர்த்திருந்தது. கையெழுத்து அவருடையதும்தானே.

வயல் தெரிந்தது. தூரத்தில் பாதி வயல் கறுப்பாகப் புரண்டு கிடந்தது. உடைந்த செடிகளும் வெடித்த பஞ்சும் மண்கட்டிகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகச் சிதறியிருந்தன. டிராக்டர் அந்தப் பக்கம் பார்த்து, முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அத்தானின் தலைக்கட்டு மட்டும் தெரிந்தது.

அவள் பெட்டியை நிதானத்திடம் கொடுத்துவிட்டு இறங்கி ஓடினாள். உழுத மண்ணில் ஓடுவது என்றால் ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். செருப்பு ஒன்று எங்கோ போயிற்று. "அத்தான், அத்தான்" என்று கத்தினாள். அந்த இன்ஜின் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. டிராக்டர் ஓரத்தில் போய்த் திரும்பி, நிற்கிற செடிகளைப் பார்த்து அடுத்த சாலுக்கு வந்தது. அவள் குறுக்கே போய்ச் செடிகளுக்கும் அதற்கும் நடுவில் நின்றாள்.

அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் வந்து அது நின்றது. அத்தான் மேலிருந்து பார்த்தார். கோபமாகத்தான் பார்த்தார். அவர் அவளைக் கோபமாகப் பார்த்ததே இல்லை.

"என்ன விளையாட்டு இது? நகரு."

"நிறுத்துங்க அத்தான். நான் தப்பாப் பார்த்திருக்கேன் போல இருக்கு."

"போல இருக்குன்னா?"

"இன்னும் தெரியல. இப்ப பார்க்கப் போறோம்."

அவர் சாவியைத் திருப்பினார். சத்தம் அடங்கியது. இறங்கவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

நிற்கிற செடியில் கீழ் இலை ஒன்றைச் சின்னவள் மெல்லத் திருப்பினாள். புள்ளிகளுக்கு அடியில், கட்டம் கட்டமாக, மாவு தூவியது போல வெள்ளை படிந்திருந்தது. அவள் காம்பைக் கிள்ளி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஜீப்புக்கு நடந்தாள். அதைக் கொண்டுபோன விதத்தைப் பார்த்தவர்கள் கையில் கொதிக்கிற எண்ணெய் இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

ஜீப்பின் மூக்கின் மேல் நுண்ணோக்கியை நிறுத்தினார்கள். ஒட்டும் டேப்பை இலையின் அடியில் அழுத்தி எடுத்து, ஒரு சொட்டு நீர் விட்டுக் கண்ணாடித் தகட்டில் ஒட்டினாள். கீழிருந்த வட்டக் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பினாள். சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் வந்து சூரியனை மூடியது. உள்ளே ஒரே இருட்டு. மூன்று பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தானும் டிராக்டரில் இருந்தபடியே பார்த்தார்.

மேகம் விலகியது. சின்னவள் குனிந்து, திருகைத் திருப்பி, மூச்சை விட்டாள். நிறமே இல்லாத சின்னச் சின்னக் குச்சிகள் கொட்டிக் கிடந்தன. குறுக்கே ஒன்றிரண்டு கோடு போட்ட குச்சிகள், சில முனையோடு முனை கோத்துக்கொண்டு. சாம்பல் நோய்ப் பூஞ்சையின் வித்துகள். அவள் எதுவும் சொல்லாமல் விலகி நின்றாள்.

நிதானம் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுக் குனிந்தார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பூஞ்சைதான்" என்றார். பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆனா நிதானமா. பூஞ்சை இருக்குன்னுதான் இது சொல்லுது. பாக்டீரியா இல்லைன்னு சொல்லல. ரெண்டும் ஒரே இலையில இருக்கலாம். வெட்டிப் பார்க்கணும்."

அவர் சொன்னது சரி. சின்னவள் இன்னொரு செடியிலிருந்து புது இலை பறித்து, புள்ளியின் ஓரத்தில் துண்டு வெட்டி நீரில் வைத்தாள். இந்தத் தடவை முதலில் அவரையே பார்க்கச் சொன்னாள். புகை வருகிறதென்றால் உடனே வந்துவிடாது, கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அவர் குனிந்தபடி இருந்தார். சின்னவள் அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நேற்று இதே நீரில் சுருண்டு போன புகை அவள் கண்ணுக்குள் மறுபடி மறுபடி போயிற்று. இது மட்டும் வந்துவிட்டால் அத்தானிடம் மறுபடி டிராக்டரைக் கிளப்பச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தன் வாயால் முடியாது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"தெளிவா இருக்கு" என்றார் நிதானம். "தண்ணி தண்ணியாத்தான் இருக்கு. ஒண்ணும் வரல. நீயும் பாரு."

அவளும் பார்த்தாள். வெட்டிய ஓரம் சுத்தமாக இருந்தது. ஜீப்பின் சக்கரத்தில் சாய்ந்துகொண்டாள்.

"உழவை நிறுத்தியாச்சு" என்று நிதானம் அத்தானைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "ஆனா மிச்சத்தை விதைக்கு விடணும்னா இந்த ஒரு மூலை போதாது. நாலு பக்கத்து இலையும் பார்க்கணும். தண்டு, காய் எல்லாம் பார்க்கணும். பார்த்துட்டுத்தான் எழுதித் தருவேன்."

அத்தான் இறங்கி வந்தார். உடம்பெல்லாம் மண். கறுத்துக் கிடந்த பாதியைத் திரும்பிப் பார்க்காமல், நின்ற பாதியைப் பார்த்தார். பிறகு சின்னவளைப் பார்த்தார். இப்போது கோபம் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். வேற யாரோட வயலா இருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பியா?"

நிதானம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் மரியாதையாகத் தப்பித்துவிடலாம். யாருக்கும் எந்தச் சலுகையும் காட்டாதவள் என்ற பெயர் பத்திரமாக இருக்கும்.

"இல்ல அத்தான்" என்றாள் சின்னவள். "வேற யாரா இருந்தாலும் இலையை என்ன பண்ணீங்கன்னு கேட்டிருப்பேன். இன்னொரு தடவை இலை கொண்டாங்கன்னு சொல்லியிருப்பேன். என் அக்கா வயல்ங்கறதாலதான் கேக்கல."

சொல்லிவிட்டு அழுதாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அந்தப் பாதி வயலை யார் எப்படித் திருப்பித் தருவது என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது. அத்தான் "பரவாயில்லை" என்று சொல்லக்கூடியவர்தான், ஆனால் சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்லிவிட முடியாத அளவு கிடந்தது கறுப்பு மண். அவர் தலைக்கட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வரப்பில் போய் உட்கார்ந்தார்.

பெரியவளைக் காணோம். எங்கே போனாள் என்று சின்னவள் நிமிர்ந்து பார்த்தபோது, நிற்கிற செடிகளுக்குள்ளிருந்து அவள் வெளியே வந்தாள். இரண்டு கையிலும் இலைகள். காம்பின் நுனியை மட்டும் பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல், உடம்பிலும் படாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டு, மண்கட்டி தடுக்காமல் பார்த்துப் பார்த்து அடியெடுத்து வந்தாள். மூக்கு ஒழுகியது. அதைத் துடைக்கவும் கை இல்லை.

ஜீப்பின் இந்தப் பக்கம் சின்னவள், அந்தப் பக்கம் பெரியவள். நடுவில் நுண்ணோக்கி. பெரியவள் இலைகளை நீட்டினாள்.

"இந்தா. யாரோ ஒருத்தியோட வயல்னு நினைச்சுப் பாரு."

சின்னவள் உடனே வாங்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலில் நிற்கிறவர்களைப் பார்ப்பது போல நிமிர்ந்து நின்றாள்.

"எங்க பறிச்சீங்க?"

பெரியவள் இரண்டு கையையும் கொஞ்சம் உயர்த்தினாள். "ஒரு கையில இருக்கிறது கிணத்துப் பக்கம். இன்னொண்ணு ரோட்டுப் பக்கம்."

"எப்ப பறிச்சீங்க?"

"இப்பத்தான்."

"பறிச்சப்புறம் இலையை என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலம்மா" என்றாள் பெரியவள். "கையிலதான் வெச்சிருந்தேன்."

சின்னவள் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.